ஒரு தடவை துவைத்தால் ஒரு முழம்

மாப்பிள்ளையூரணியில் மந்திரமூர்த்தியின் வீடு, துணி துவைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் கிழக்கே நகர்ந்தது. முதலில் நகர்ந்தது வீடல்ல, வாஷிங் மெஷின்தான். மோட்டாரின் பேரிங் தேய்ந்து தண்டு ஆட ஆரம்பித்ததில், பிழியும் சுற்று வந்ததும் மெஷின் குளியலறையை விட்டுக் கிளம்பி, அடுப்படி வழியாக வாசல்வரை போய் நின்றது. அதைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வருவதிலேயே அவன் மனைவி சண்முகவடிவுக்குப் பாதி நாள் போயிற்று. மந்திரமூர்த்திக்குத் துறைமுகத்தில் லாஷிங் வேலை; கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டுத் திருகி இறுக்குவது. பதினாறு வருடத்தில் அவன் கட்டிய எதுவும், கடல் என்ன ஆட்டு ஆட்டினாலும், ஒரு விரல்கடை அசைந்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் வீட்டில் ஒரு மெஷின் தன்னிஷ்டத்துக்கு நடமாடுவது தெருவில் பேச்சானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்தில் கழித்துப் போட்ட கம்பிகள் நான்கை வாங்கி வந்து மெஷினைத் தரையோடும் சுவரோடும் இறுக்கினான். மெஷின் அசையவில்லை. வீடு அசைந்தது.

"நான் கட்டுனது நவுந்திருக்கா, பாரு" என்றான்.

"அது நவுரல. நாமதான் போய்ட்டு இருக்கோம்" என்றாள் சண்முகவடிவு, ஜன்னலில் வேப்பமரம் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே.

கட்டை அவிழ்த்துவிடலாமே என்று கேட்டவர்களிடம், கட்டினதைப் பாதி வழியில் அவிழ்க்கும் வழக்கம் தன் தொழிலில் கிடையாது என்று சொல்லிவிட்டான். துவைக்காமலும் இருக்க முடியாது. அவன் சட்டையில் துறைமுகத்து கிரீஸ், இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் யூனிஃபார்ம். கரண்டு கம்பி தாராளமாகத் தொங்கியதால் எட்டியது. கம்பெனிக்குப் போன் போட்டார்கள். மெக்கானிக் பையோடு வந்து பழைய அஸ்திவாரக் குழிக்குள் நின்றுகொண்டு, "சார், ஒங்க வீடு இங்கன இல்லயே" என்றான். "கொஞ்சம் கிழக்க திரும்பிப் பாருப்பா, கை காட்டுதேன்லா" என்றான் மந்திரமூர்த்தி. ஆனால் போனில் லொக்கேஷன் குழியைத்தான் காட்டியது, மெக்கானிக் லொக்கேஷனை மீறுகிறவன் இல்லை. தந்த முகவரியில் வீடு இல்லை என்று எழுதிப் புகாரை முடித்துவைத்தார்கள். மூன்று முறை இப்படி ஆனது. அதற்குள் வீடு இருபத்தொரு முழம் போய், வன்னியபெருமாள் அண்ணாச்சியின் காலி மனையில் முழுசாக ஏறியிருந்தது.

மந்திரமூர்த்தி டவுனுக்குப் போய்த் தானே மோட்டார் வாங்கி வந்தான். வீடு வந்து சேர்ந்த இடமே துறைமுகம் என்று வைத்துக்கொண்டு கம்பிகளை அவிழ்த்து, மெஷினைப் பாயில் சாய்த்துப் படுக்க வைத்தான். வயர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றி, துருவேறிய நான்கு போல்ட்டுகளோடு மத்தியானம்வரை மல்லுக்கட்டிப் பழைய மோட்டாரை இறக்கினான். புதியது பூனைக்குட்டி மாதிரி ஓடியது. வீடு ஒரு நூல்கூட நகரவில்லை. அவன் நிமிர்ந்து முதுகைச் சொடக்கெடுக்கும்போது அண்ணாச்சி வந்து நின்றார். பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மகளுக்காக வீடு கட்டத்தான் அந்த மனையை வாங்கியிருந்தார்.

"மோட்டாரு ஜோரா ஓடுதுலே மூர்த்தி. ஆனா வீடு எம் மனையில நிக்குல்லா? வெள்ளிக்கிழம பத்தரைக்குள்ள பூமி பூஜை. அதுக்குள்ள எடுக்கலன்னா பொக்லைன வச்சி நான் எடுத்துருவேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. வீட்டைத் திரும்பக் கொண்டுபோக, அதைக் கொண்டுவந்த மோட்டாரால்தான் ஆகும் என்பதை மந்திரமூர்த்தி ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவு செய்தான். கழற்றிய பழைய மோட்டாரையே திரும்ப மாட்டினான். மெஷின் முகம் பார்த்த திசையில்தான் வீடு போகும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே மேற்கே பார்க்க நிறுத்தி இறுக்கினான். வெறும் மெஷின் ஓடினால் பயனில்லை, உள்ளே கனம் வேண்டும். சண்முகவடிவு வீடு வீடாகப் போய்த் துணி கேட்டாள். போர்வை வந்தது, திரைச்சீலை வந்தது, உப்பளத்துக்குப் போகிறவர்களின் விறைத்த சட்டைகள் வந்தன. உப்பளத்துத் துணிக்கு வீடு நான்கு விரல்கடை கூடுதலாகப் போனது. தெரு மொத்தமும் வெள்ளையும் சொள்ளையுமாக நடமாடியது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீடு சேர இன்னும் ஒரு முழம். தெருவில் துவைக்க ஒரு கைக்குட்டை இல்லை. மனையில் ஐயர் உட்கார்ந்தாயிற்று, பொக்லைன் உறுமியது. பூஜைக்கு விரித்த ஜமுக்காளத்தைச் சண்முகவடிவு உருவிக்கொண்டு போய்ப் போட்டாள். ஒற்றைத் துணிதானே, அரை முழம்தான் வந்தது. அவள் திரும்பவும் வந்து அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அந்த வேட்டிய அவுத்துக் குடுங்க."

"ஏளா, இது பட்டு வேட்டி. இப்பத்தான் உடுத்துனேன். அழுக்கு எங்கன இருக்கு?"

"மெஷினு அழுக்கா கேக்கு? கனந்தான கேக்கு."

ஐயர் மணியைப் பார்த்துவிட்டு, ராகுகாலம் பட்டு வேட்டிக்குக் காத்திருக்காது என்றார். அண்ணாச்சி துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியையும் அங்கவஸ்திரத்தையும் நீட்டினார். பத்து இருபதுக்கு வீடு, மூடி டப்பாவில் உட்கார்கிற மாதிரி, பழைய அஸ்திவாரத்தில் டொக்கென்று உட்கார்ந்தது. பூஜையை அண்ணாச்சி துண்டோடு செய்து முடித்தார். அன்று சாயந்தரம் மந்திரமூர்த்தி மூன்றாவது தடவையாக மெஷினைச் சாய்த்துப் புது மோட்டாரை மாட்டினான். மறுவாரம் மெக்கானிக் வந்து, முகவரியில் வீடு இருப்பதைக் கண்டு, மெஷினில் குறை ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனான்.

இரண்டு வருடத்தில் அண்ணாச்சியின் வீடு எழும்பியது. எழும்பி ஆறு மாதமாக மகளுக்கு வந்த வரன்கள் எல்லாம், வாசல் தெற்கே பார்க்கிறது என்று காப்பி குடித்ததோடு திரும்பிப் போயின. ஒரு நாள் காலையில் அவர் வந்து வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏலே மூர்த்தி, அந்தப் பழைய மோட்டாரு இருக்கா? வீட்ட லேசா கிழக்க திருப்பணும்."

மந்திரமூர்த்தி பரணிலிருந்து மோட்டாரை இறக்கினான். கம்பிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு மூலையில் வைத்துக் கட்டினால் திரும்பும் என்று தனக்குள் கணக்குப் பார்த்தான்.

"துணி எவ்வளவு சேத்து வச்சிருக்கீய அண்ணாச்சி?"

பத்து நாளாக வீட்டில் யாரையும் துவைக்க விடவில்லை என்றார் அண்ணாச்சி.