ஒண்டியாள் நெத்திலித் தொக்கு

1

இது சமையல் குறிப்பாகப் பிறந்த கதை. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஒரு வார இதழில் மகளிர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஹரிப்ரியா போன் செய்தாள். கம்பெனி வேலைக்காக வீட்டை விட்டு வந்து தனியாக அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்குச் சட்டென்று, செலவில்லாமல் செய்ய ஒரு குறிப்பு வேண்டுமாம். அரைப் பக்கம் போதும், கதை கிதை எழுதி அனுப்பிவிடாதீர்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சரி என்று உட்கார்ந்தேன். எழுத்தைவிடச் சமையல் எனக்கு நன்றாகவே வரும்.

தேவையான பொருட்கள்: நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், ஒரு ஆள்.

கடைசியில் இருக்கும் அந்த ஆள் எப்படி வந்து சேர்ந்தது என்று சத்தியமாகத் தெரியாது. கோடு போட்டு அடித்துப் பார்த்தேன். அடித்த பிறகும் யார் அது, எங்கே நின்று சமைக்கிறது என்ற நமைச்சல் போகவில்லை. ஹரிப்ரியா மன்னிக்கட்டும்.

2

முதலில் ஒரு பையனை வைத்தேன். "வேலை முடிந்து வந்த ரோஹித் அடுப்பைப் பற்ற —"

பற்றவைக்கவே இல்லை, சோம்பேறி. முக்குக் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வந்து படுத்துவிட்டான். போடா என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்தவள் அன்பரசி. ஊர் சதுரங்கப்பட்டினம், கடலோரம். அம்மா ரெபேக்காள் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். இப்போது கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வீட்டு வேலை. குடும்பத்திலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் முதல் ஆள் அன்பரசிதான். கம்பெனி பஸ் திருப்போரூரோடு சரி, கடற்கரைப் பக்கம் வராது. அதனால் திருப்போரூரில் ஒரு மாடி அறை. அந்த அறை போனால் விடியற்கால ஷிப்டுக்குப் போய்ச்சேர வழியில்லை. பயிற்சிக் காலத்திலேயே அனுப்பிவிடுவார்கள். இதை நீங்கள் மறக்கக் கூடாது. அவள் ஒரு நிமிஷமும் மறப்பதில்லை.

(இந்த அறைக்கு முன்னால் ஊரப்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்தாள். சொந்த ஊர் கேட்டார்கள், சொன்னாள். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள், அதையும் சொன்னாள். மறுநாள் போனால், சொந்தக்காரர்கள் குடிவருகிறார்களாம். இதைத் தனிப் பகுதியாக எழுதியிருந்தேன். படிக்கப் படிக்க எனக்கே வயிறு எரிந்ததால் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டேன்.)

3

வீட்டுக்காரி ஜெகதாம்பாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். கீழே தனியாக இருக்கிறாள். அறையைக் காட்டும்போது சொன்னது ஒன்றே ஒன்று: நாங்க வெஜ்ஜு, மாடில கவிச்சி கூடாது. ஊரும் கேட்கவில்லை, தெருவும் கேட்கவில்லை. இவ்வளவுதானா என்று அன்பரசிக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் வரைவில் இந்த அம்மாளை ஒரு பிடாரியாக எழுதினேன். பொருந்தவில்லை. அன்பரசிக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசத்தோடு மாடி ஏறியவள் இவள்; பஸ் தாமதமானால் வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பவள். நல்ல மனுஷி. நல்லவர்களை எழுதுவதுதான் பெரிய பேஜாரு.

மாடியில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு குட்டிக் குக்கர். கீழே அரிசி, மேலே டிபன் டப்பாவில் பருப்பும் தக்காளியும். ஒரே ஆவியில் இரண்டும் வெந்துவிடும். குளித்துவிட்டு வந்து தாளித்தால் முடிந்தது. வாரம் முழுக்க இதே பாட்டுத்தான். நாக்கு செத்துப்போனால் ஒரு முட்டையை வேகவைப்பாள். ஓட்டைக் காகிதத்தில் சுற்றி, கைப்பையில் வைத்து, கம்பெனிக் குப்பைத்தொட்டியில் போடுவாள். படித்த பெண், முட்டை ஓட்டைக் கடத்திக்கொண்டு போகிறாள். எழுதும்போது சிரிப்பு வந்தது, பிறகு போய்விட்டது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் ரெபேக்காள் நெத்திலிக் கருவாடு கட்டிக்கொடுப்பாள். ஒண்டியாளுக்கு அதைவிடத் தோதான சாமான் ஏது? பிரிட்ஜ் வேண்டாம், விலை கொள்ளை மலிவு, நொடியில் வெந்துவிடும். வேண்டாம் என்றால் ஏன் என்று அம்மா கேட்பாள். அதனால் வாங்கி வந்து, பாட்டிலில் போட்டு, பிளாஸ்டிக் பையால் சுற்றி, பெட்டிக்கடியில் வைத்துவிடுவாள். மாசம் நாலாகிறது. ஒரு துண்டு வெளியே எடுத்ததில்லை.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்பரசி தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வாசனை வந்தது. நெத்திலி. நல்லெண்ணெயில் பூண்டோடு நெத்திலி.

பதறிப்போய் முதலில் தன் பெட்டியைத்தான் பார்த்தாள். பாட்டில் பத்திரமாக இருந்தது. வாசனை கீழிருந்து வந்தது.

இந்த இடத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஜெகதாம்பாளைச் சுத்த சைவம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்பரசியும் அப்படித்தான் நினைத்தாள். சைவமென்றால் ஒரு நியாயம் இருந்திருக்கும். அவளும் முட்டை ஓட்டைச் சுமந்துகொண்டே காலம் தள்ளியிருப்பாள்.

வாசனைக்குப் பின்னாலேயே ஜெகதாம்பாளும் மூச்சிரைக்க ஏறி வந்தாள், கையில் எவர்சில்வர் கிண்ணம்.

"இன்னாமா, தயிர்ச்சோறா துன்னுகினு கீறே? இந்தா, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. துன்னுவ இல்ல?"

தின்பேன் என்று தலையாட்டினாள் அன்பரசி. பிறகு, வாயை அடக்க முடியாமல், "நீங்க வெஜ்ஜுன்னு சொன்னீங்களே ஆன்ட்டி?" என்றாள்.

ஜெகதாம்பாள் சிரித்தாள். அதில் விஷம் இல்லை, வீட்டு மனுஷியிடம் சிரிக்கும் சிரிப்பு அது.

"அது வூடு கேட்டு வரவங்களுக்குச் சொல்றது கண்ணு. வெஜ்ஜுன்னு சொல்லிட்டா கண்ட ஆளுங்க வர மாட்டாங்க. மூஞ்சிக்கு நேரா, நீ இன்னா ஆளுன்னு கேக்க முடியுமா? பாவம் இல்ல? இப்ப பாரு, உன்ன மாதிரி நல்ல எடத்துப் பொண்ணா வந்து அமைஞ்சிது."

சொல்லிவிட்டு, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்து இறங்கிப் போனாள்.

அன்பரசி குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அம்மா கைப்பக்குவம் மாதிரியே இருந்தது. அதனாலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

5

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஏதாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஆக, கிண்ணம் கீழே போயாக வேண்டும், அதில் ஏதாவது இருக்கவும் வேண்டும். எழுதுகிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? விதவிதமாக முடித்துப் பார்த்தேன்.

(அ) கிண்ணத்தைக் கழுவி, ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். அறை நிலைக்கிறது. வேலையும் நிலைக்கிறது. அவளுக்கு நல்லது வேண்டும் என்று நினைத்தால் நான் இதைத்தான் எழுத வேண்டும். எழுதினேன். அவள் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறக்கவே இல்லை.

(ஆ) உண்மையைச் சொல்கிறாள். ஜெகதாம்பாள் கண்கலங்கி, அவளைக் கட்டிக்கொண்டு, "நீயும் எனக்கு ஒரு பொண்ணு —"

சீ. ஹரிப்ரியாவுக்குப் பிடிக்கும். கிழித்துப் போட்டேன்.

(இ) கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். எனக்குக் கைதட்டல் கிடைக்கும். அவளுக்கு? ஊரப்பாக்கம் மாதிரி இன்னும் நாலு வாசல்.

அவளையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "யம்மா, சர்க்கரையே போடேன். உனக்கு வேலை முக்கியம் இல்லையா?" என்றேன். அவள் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பெட்டிக்கடியில் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

6

செய்முறை. (ஹரிப்ரியா, இதோ நீ கேட்டது.)

கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் சற்றுப் போட்டுவைத்து, மணல் போக நன்றாக அலசவும். நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, நிறையப் பூண்டு, சின்ன வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் தக்காளி, மிளகாய்த்தூள். எண்ணெய் மிதக்கும்போது கருவாட்டைப் போட்டு, உடையாமல் பிரட்டி, மூடி வைக்கவும். உப்பு வேண்டாம், கருவாட்டிலேயே இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைக்கவும்.

ஜன்னலைத் திறக்கும் வரி என்னுடையதல்ல. அவளே எழுந்து திறந்தாள். அன்றைக்கு வீடே கருவாட்டு வாசனையில் இருந்தது. எது மாடி வாசனை, எது கீழ்வாசனை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆக்கித் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அதையும் அவள் காதில் போட்டுப் பார்த்தேன்.

வந்த குழம்பை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டு, தொக்கை அதே கிண்ணத்தில் வழித்தாள். வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். கிண்ணம் சுட்டது, முந்தானையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள் — இல்லை, அவள் சுடிதார் போட்டிருக்கிறாள். துப்பட்டா. இறங்கினாள்.

ஜெகதாம்பாள் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும், எதுக்குமா இதெல்லாம் என்று மலர்ந்துபோய் எழுந்து வந்தாள்.

"எங்கம்மா குடுத்த கருவாடு ஆன்ட்டி. நான்தான் ஆக்குனேன்," என்றாள் அன்பரசி. "நாங்க சதுரங்கப்பட்டினம் காலனி. வூடு கேட்டு வரக்கூடாதுன்னு சொன்னீங்களே, அந்த ஆளுங்கதான் நாங்க. நீங்க குடுத்தத நான் வாங்கிக்கினேன். இத நீங்க வாங்கிக்கங்க."

ஜெகதாம்பாள் அடுத்து என்ன செய்தாள் என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அவளைப் பிடாரியாக்கினால் நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள். தேவதையாக்கினாலும் தப்பித்துக்கொள்வீர்கள். அதனால் அவளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். வீடு உங்களுடையது, மாடியும் உங்களுடையது. எதிரில் அன்பரசி இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

வாங்குகிறீர்களா, இல்லையா என்று சீக்கிரம் சொல்லுங்கள். அவள் இன்னும் சாப்பிடவில்லை.