அந்த வார்த்தையைப் போடாதே

என் கணவர் பெனடிக்ட் எலெக்ட்ரீசியன். சரவணம்பட்டியில் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், ஷாக் அடித்தால் கரண்டைத் தானாக நிறுத்தும் டிரிப்பரை மாட்டச் சொல்லிக் கெஞ்சாமல் திரும்ப மாட்டார். போன மாதம் எங்கள் வீட்டு கிரைண்டரிலேயே ஷாக் அடித்துப் போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் டிரிப்பர் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். டொரண்டோவில் இருக்கும் மகன் ஜெஃபின் இங்கிலீஷில் நாலு வரி எழுதி அனுப்பியிருந்தான். அதில் ஒரு வரி ‘ஐரானிக்கலி’ என்று தொடங்கியது. ஊரையே கரண்டிலிருந்து காப்பாற்றியவர் கரண்டிலேயே போனாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுப்பவள் நான். உடனே கூப்பிட்டேன்.

“அந்த வார்த்தையை எடுத்துப்போடு கண்ணு.”

“ஏனுங்கம்மா, அர்த்தம் சரிதானுங்களே?”

“யாருக்குச் சரி? நெனச்சது ஒண்ணு, நடந்தது அதுக்கு நேர்மாறா ஒண்ணுன்னு இருந்தாத்தான் ஐரானிக்கலி. நான் இதையத்தான் நெனச்சு நெனச்சுப் பயந்துட்டு இருந்தேன்.”

அவனுக்கு எங்கே தெரியும்? எங்களுக்கென்று டிரிப்பர் வாங்கி வந்து ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். கைக்குழந்தை இருக்கிற வீடு, வயசானவர்கள் இருக்கிற வீடு என்று யாராவது கூப்பிட்டால் அதையே தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். “நம்ம ஊட்டுது எங்க போகுது அம்மணி, அடுத்த வாரம் மாட்டிப்போடலாம்” என்பார். சண்டை போட்டுப் பார்த்தேன். பேசாமல் இருந்தும் பார்த்தேன். சிரித்தே மழுப்பிவிடுவார்.

நான் சொல்லச் சொல்ல ஜெஃபின் அழுதுவிட்டான்.

“அப்ப அந்த எடத்துல என்னங்கம்மா போடறது?”

“வழக்கம்போலன்னு போடு.”

பிறகு, “இப்பவாச்சும் மாட்டியாச்சுங்களா?” என்று கேட்டான்.

மாட்டியாகிவிட்டது. அவருடைய கூட்டாளி கலீல் ரஹ்மான் அடக்கத்துக்கு மறுநாளே வந்து மாட்டிவிட்டுப் போனார். நான் போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு டிரிப்பரில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டப்பென்று ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் நின்றது. அவ்வளவு வேகமாக நிறுத்துகிறது. நான் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.