கழித்தல் இரண்டு

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். பிறர் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்துக் குறை பிடிப்பவளுக்கு வேறு எந்தப் புத்தி வேண்டும்?

யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல்களை நாங்கள் சிலர் இணையத்தில் ஒரு பொதுத் தொகுப்பாகச் சேர்த்து வைக்கிறோம். புதிதாக ஒன்று வந்தால் இரண்டு பேர் பரிசோதிப்போம். போன மாதம் 'கொழுந்து' வந்தது. தேயிலைத் தோட்டத்து மின்தராசிலிருந்து எடையை வாங்கி, பறித்தவரின் கைப்பேசிக்கே அனுப்பி வைக்கும். எழுதியவர் புசல்லாவை அன்ட்ரூ. மூன்று தோட்டங்கள் எங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருந்தன. மற்றப் பரிசோதகர் ஃபாஸில் ஒரே நாளில் "பிரமாதம், சேர்க்கலாம்" என்று எழுதிவிட்டார். அவருக்கு என்றைக்கு முழுதாகப் படிக்கப் பொறுமை இருந்தது?

நான் படித்தேன். இருநூற்றுப் பதினான்காம் வரியில் மாட்டியது. தராசு காட்டும் எடையில் இரண்டு கிலோ கழி. ஏன், எதற்கு என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. நிரலைச் சரிபார்க்க அவரே எழுதிய சோதனைகளும் அதற்கேற்றபடிதான்: இருபது வைத்தால் பதினெட்டு வர வேண்டும், வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. போதாததற்கு நன்றியுரையில் ஒரு தோட்டத்து மனேஜரின் பெயர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆயிரக்கணக்கான பெண்களின் கொழுந்தை இனி இயந்திரமே திருடும், அதற்கு இந்த றிப்தாவின் ஒப்புதலா? ஆளை நேரில் வரச் சொன்னேன்.

கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நளீர் நானாவின் கடை. முன்னால் பலசரக்கு, பின்னால் தேத்தண்ணி. அன்ட்ரூ தாயோடு வந்தார். தாய் புஷ்பம் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்; அன்று ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்தவராம். கையில் ஒரு பை நிறையப் போஞ்சியும் கரட்டும். மிஸ்ஸுக்கு என்று என்னிடம் நீட்டினார். ஓஹோ, மரக்கறி கொடுத்து மடக்கப் பார்க்கிறார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

"உள்ளதச் சொல்லுங்க தம்பி. அந்த ரெண்டு கிலோவ ஆரு கழிக்கச் சொன்ன?"

அன்ட்ரூ விழித்தார். "யாரும் சொல்லலங்க மிஸ். நிறுத்தா கழிக்கணும்தானே."

மனேஜருக்கு நன்றி சொன்னது தராசைத் தொட விட்டதற்காக மட்டும்தானாம். நான் நம்பவில்லை. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய் நளீர் நானாவின் தராசில் வைத்தேன். ஐந்து கிலோ காட்டியது. எவ்வளவு இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

"மூணுங்க" என்றார் புஷ்பம்.

அன்ட்ரூவும் தலையாட்டினார். ஆட்டிய தலை பாதியில் நின்றது.

மரக்கறியை மேசையில் கொட்டிவிட்டு வெறும் பையை வைத்தேன். ஐம்பது கிராம். புஷ்பம் குனிந்து அந்த எண்ணையே பார்த்தார். சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு என்று நிறுக்கும் கங்காணி சொல்லித்தான் பழக்கம், மழையே இல்லாத மாசியிலும் இரண்டுதான், நாளுக்கு மூன்று நிறுவை, முப்பத்தொரு வருஷம் என்றார். மகன் நிரலுக்கான சோதனைகளை எழுதியபோது இருபதுக்குப் பதினெட்டு என்று விடை சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கள்ளனைப் பிடிக்க வந்து, களவு கொடுத்தவர்களை உட்காரவைத்து விசாரித்திருக்கிறேன்.

அன்ட்ரூ மடிக்கணினியைத் திறந்து அந்த வரியை அழித்தார். சோதனைகளை ஓட விட்டார். அத்தனையும் சிவப்பு.

"கெட்டுப்போச்சாப்பா?" என்று கேட்டார் தாய்.

"இல்லம்மா. இதுதான் சரி."

புஷ்பம் கரட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அப்ப அந்த ரெண்டும் நான் பறிச்சதுதானேங்க மிஸ்?"