கோணலாய் நின்ற கற்கள்

முப்பது வருஷமாக அடுத்தவன் ஊதிய விசிலுக்கு வேலையைத் தொடங்கி, விசிலுக்குச் சாப்பிட்டு, விசிலுக்கு வீடு திரும்பிய மனுஷன் அந்தக் கொத்தனார். பேருந்தை விட்டு இறங்கியதும் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன், கழுத்தில் விசில் ஆட ஆட ஓடி வந்து, தங்கள் கூட்டத்தோடு வந்தால் பள்ளத்தாக்கைப் பத்திரமாகச் சுற்றிக் காட்டுவதாகவும், தனியாகப் போவது புத்திசாலித்தனம் இல்லையென்றும் சொன்னான். கொத்தனார் விசிலை ஒரு பார்வை பார்த்தார். பையைத் தோளில் மாட்டினார். நடந்தார்.

அவர் மனைவிதான் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். "அந்தச் சத்தம் கேட்டாலே அவருக்குப் பசிக்கும் தம்பி. உங்களுக்குத்தான் நட்டம்."

ஆசை அவளுடையது. இருபத்திரண்டு வருஷம் அவருக்குச் சித்தாளாக இருந்தவள். அவர் சுவர் எழுப்ப எழுப்ப, கல்லும் கலவையும் அவள் தலையில்தான் மாடி ஏறின. முழங்கால் தேய்ந்துபோய் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. இரண்டு மலை, நடுவில் பிளந்தது போல ஒரு பள்ளம், அடியில் நூலாக ஓர் ஆறு, மலையின் இடுப்பில் அரைஞாண் கட்டியது போல ஒரு பாதை. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், "இதுல ஒரு தடவ நடக்கணும், தலையில ஒண்ணுமில்லாம" என்றாள். மருத்துவரிடமும் அதைத்தான் முதலில் கேட்டாள். நடக்கலாம், மெதுவாக நடக்க வேண்டும், அடிக்கடி உட்கார வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஒரு மதில் வேலை முடிந்து, அடுத்தது தொடங்கப் பன்னிரண்டு நாள் இடைவெளி கிடைத்தபோது கொத்தனாரால் சாக்குச் சொல்ல முடியவில்லை.

காலையில் முதல் ஒரு மணி நேரம் அவள் கழுத்தை விறைத்துக்கொண்டு, ஒரு கை லேசாக மேலே தூக்கியபடி நடந்தாள். இன்னும் சட்டியை இறக்கவில்லையா என்று அவர் கேலி செய்தார். கழுத்துக்கு லீவு விட்ட சேதி யாரும் சொல்லவில்லை என்றாள் அவள்.

பாதை இரண்டு ஆள் அகலம். வலப்பக்கம் மலை செங்குத்தாக ஏறியது. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. எத்தனையோ மாடிச் சாரத்தில் நின்ற கொத்தனாரே மலைப்பக்கம் ஒட்டித்தான் நடந்தார். அவளோ விளிம்போரம் நின்று, கீழே ஆற்றைப் பார்த்து, சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாதை பிரிந்த ஓர் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் குவியல் நின்றது. பத்துப் பன்னிரண்டு தட்டைக் கற்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதது போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. கொத்தனார் நின்றுவிட்டார். வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். சுவர் ஒரு நூல் சாய்ந்தாலும் சோறு இறங்காது. எவன் இதைக் குடித்துவிட்டு அடுக்கினான் என்று கேட்டுக்கொண்டே குனிந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் மனைவி. விசிலுக்கு வேலை செய்ய மாட்டேன் என்று வந்தவர் விசிலே இல்லாமல் வேலை செய்கிறாரே என்றாள். மனமில்லாமல் நகர்ந்தார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

பத்து மணிக்கு அவள் முழங்கால் வீங்கிவிட்டது. எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் தங்கும் இடம் பற்றி விசாரித்தார்கள். பாதி வழியில் ஒரு விடுதி, மொத்தம் நான்கே அறை, மஞ்சள் தொப்பிக் கூட்டம் மேல் ரோட்டில் ஜீப்பில் வந்து அங்கே இறங்கும், மதியத்துக்குள் போய்ப் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இன்னும் நாலு மணி நேரம் நடக்க வேண்டும் என்றார் ஆட்டுக்காரர். நாலு மணி நேரம் அந்தக் கால் தாங்காது. இருவருக்கும் அது தெரிந்தது.

"நீ போய் இடத்தப் பிடி. நான் என் காலோட பேசிக்கிட்டே வர்றேன்" என்றாள்.

அவர் தயங்கினார். நீ போகிற வழியிலேயேதான் வரப்போகிறேன், தொலைந்துபோக நான் என்ன தாலி கட்டிய அன்றைக்கு இருந்த சின்னப்பெண்ணா என்று விரட்டினாள். சரி, வழியில் அங்கங்கே உட்கார இடம் செய்து வைக்கிறேன், உட்கார்ந்து உட்கார்ந்து வா என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். முன்போல அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்த அப்போது ஆள் இல்லை.

அடுத்த பிரிவில் இன்னொரு கோணல் குவியல். கொத்தனார் அதைக் கலைத்தார். பக்கத்தில் கிடந்த நாலு பெரிய கல்லைப் புரட்டிப்போட்டு, அதன்மேல் தட்டைக் கல்லைப் பரப்பி, ஆடிய இடத்தில் சில்லுக்கல் செருகி, ஏறி உட்கார்ந்து பார்த்தார். அசையவில்லை. பத்து நிமிஷ வேலை. அதற்கடுத்த பிரிவிலும் அதே கதை. எந்தப் பக்கம் போவது என்பதில் அவருக்குக் குழப்பம் வரவில்லை. எந்தப் பக்கக் கல் கால்பட்டு வழவழப்பாகியிருக்கிறதோ அதுதான் வழி. அது கொத்தனார் கண்.

மூன்றாவது பிரிவில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. இடப்பக்கம் அகலமாக, வண்டிப்பாதை போல இருந்தது. வலப்பக்கத்தின் வாயில் குவியல் நின்றதால் அதைக் கலைக்க அங்கே போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. இங்கே உட்கார்ந்தால் அவள் கருகிவிடுவாள் என்று கற்களைச் சுமந்து போய், வளைவு தாண்டி நாற்பதடியில் ஒரு பாறை நிழலில் இருக்கை போட்டார். மூன்றில் அதுதான் அருமையாக வந்தது. சாய்ந்துகொள்ள முதுகுக்கல்கூட வைத்தார். அப்படியே அந்த வழியிலேயே இறங்கிப்போனார்.

விடுதியில் ஓர் அறை மிச்சம் இருந்தது. விடுதிக்காரம்மா கொடியில் விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டதும் கொத்தனாருக்கு வாயும் கொஞ்சம் திறந்துகொண்டது. மனைவி பின்னால் வருகிறாள் என்றார். உங்கள் ஊர்ப் பாதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கல் அடுக்குகிறவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் மூன்றைப் பிரித்துச் சரியாகப் போட்டுவிட்டு வந்தேன் என்றார்.

விடுதிக்காரம்மா கையிலிருந்த விரிப்பு மண்ணில் விழுந்தது.

"அண்ணே, அதுதான் வழி அடையாளம். எந்தப் பக்கம் குவியல் இருக்கோ அந்தப் பக்கம் போகணும். நீங்க வந்த கடைசிப் பிரிவுல எடப்பக்கம் பழைய பாதை. போன மழையில சரிஞ்சு ஆத்துக்குள்ள போயிடுச்சு. திரும்புற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, திரும்பினா பாதையே இருக்காது. அதுக்காகத்தான் எங்க வீட்டுக்காரரு வச்சாரு. அவரு சமையல்காரரு, கல்ல பத்தி என்ன தெரியும்."

இருந்தது ஒரே கைபேசி. அதுவும் இவர் பையில்.

கொத்தனார் ஓடினார். ஐம்பத்தாறு வயசில், இறங்கி வந்த மேட்டில், பையை வாசலிலேயே எறிந்துவிட்டு. சாரத்திலிருந்து ஆள் விழுவதை அவர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். விழுகிறவன் கத்த மாட்டான். கத்துவதெல்லாம் சினிமாவில். ஒரு சத்தம் மட்டும், கீழேயிருந்து வரும். ஓடுகிற காதில் அந்தச் சத்தம்தான் இருந்தது. எத்தனை சுவர் கட்டினாய், ஒரு குவியலை விட்டுவைக்க முடியவில்லையா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார்.

பாறை நிழல் வந்தது. இருக்கை காலியாக இருந்தது. முதுகுக்கல் மட்டும் அவ்வளவு நேராக நின்றது.

பிரிவுக்கு வந்தார். குவியல் இருந்த இடத்தில் வெயில் படாத வட்டமாக ஈர மண் மட்டும் தெரிந்தது. அவள் ஊன்றிக்கொண்டு வந்தது பழைய மண்வெட்டிக் காம்பு. அடியில் இரும்புப் பூண். அந்தப் பூண் புழுதியில் சின்னச் சின்ன வளையமாகப் பதிந்திருந்தது. வளையங்கள் இடப்பக்கம் போயின.

"இவளே" என்று கத்தினார். இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எதிர்மலை "இவளே" என்றது. அதற்கு எதிர்மலையும் "இவளே" என்றது. அவர் ஓடிக்கொண்டே கத்தினார். பாதை அகலமாக, நல்ல பிள்ளை போல, தூரத்தில் ஒரு வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வளைவுக்கு இப்பால் அவள் வந்துகொண்டிருந்தாள். தலையில் துண்டு, கையில் காம்பு. காலை இழுத்து இழுத்து, அவரை நோக்கி.

"எதுக்கு இப்படிக் கத்துற? மலை எல்லாம் உன் பொண்டாட்டின்னு நெனச்சுக்கிட்டு பதில் சொல்லுது பாரு."

கொத்தனார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அது சூடாக, புழுதியாக, வீங்கிப்போய் இருந்தது. விடவில்லை. என்ன ஆச்சு, அறை கிடைக்கவில்லையா என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள். கிடைத்துவிட்டது என்று தலையாட்டினார். பிறகென்ன என்று அவளும் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

ஏன் திரும்பினாய் என்று கேட்டார்.

"மொத ரெண்டு எடத்துலயும் நல்லா உக்காந்தேன். இங்க வந்து பாத்தா பாத பிரியுது. அகலமா இருக்கே, காலுக்கு நல்லதுன்னு இப்படி வந்தேன். வர்றேன், வர்றேன், உக்கார எடத்தக் காணோம். வழியெல்லாம் கல்லு கெடக்குது, நல்ல தட்டக் கல்லு. இவ்வளவு கல்லப் பாத்துட்டு உன் கை சும்மாவா இருந்திருக்கும்? அப்ப நீ இந்தப் பக்கம் வரலன்னு திரும்பிட்டேன்."

கொத்தனார் எழுந்து வளைவு வரை போய்ப் பார்த்தார். இருபதடிகூட இல்லை. திரும்பியதும் பாதை கத்தியால் வெட்டியது போல முடிந்தது. கீழே ஆறு. மலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். வந்து எல்லாவற்றையும் சொன்னார். குவியல், அடையாளம், சமையல்காரர், எதையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு தானாக நின்றது. வளைவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நமக்குப் பின்னால யாராச்சும் வந்தா?" என்றாள்.

அதைத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். மேலே இருக்கிற இரண்டு பிரிவிலும் இருக்கைகள் சரியான பாதையின் வாயிலேயே இருக்கின்றன, ஆள் தப்ப வழியில்லை, அவற்றை நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். இந்த இடத்தை இப்போதே விட்டுவிட்டுப் போக முடியாது. பிரிவுக்கு வந்தார்கள். நிழல் இருக்கையில் அவளை உட்கார வைக்கப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. பழக்கம் விடுமா? தலைத்துண்டைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கிக்கொண்டு, கல் எடுக்கக் குனிந்துவிட்டாள்.

கொத்தனார் அந்தத் துண்டை அவள் தலையிலிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"தலையில ஒண்ணுமில்லாம நடக்கணும்னுதானே வந்த. உக்காரு."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கொத்தனார் கல் சுமந்தார், சித்தாள் உட்கார்ந்து வேலை சொன்னாள். அவளுக்கு அது கைவந்த கலை போல இருந்தது. காலை அகட்டி வை என்றாள். தலையை ஆட்டாதே என்றாள். அந்தக் கல் வேண்டாம், மொட்டைக்கல், அடுக்கினால் உட்காராது என்று திருப்பி அனுப்பினாள். அவர் ஒவ்வொரு நடைக்கும் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். நாலாவது நடையில், இதைத் தூக்கிக்கொண்டா மாடி ஏறினாய் என்று கேட்டார். ஏழு மாடி என்றாள் அவள். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த கல்லுக்குப் போனார்.

இடப்பாதைக்குக் குறுக்கே முதலில் ஒரு வரிசைக் கல் போட்டு மறித்தார். பிறகு வலப்பாதையின் வாயில் குவியலை எழுப்பினார். சமையல்காரர் வைத்த மாதிரியே கோணலாக வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். கை கேட்கவில்லை. நாலு மூலையும் பிடித்து, இடுக்கில் சில்லு செருகி, வாசல் கேட் தூண் மாதிரி இடுப்பளவுக்கு எழுந்து நின்றது. ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்த்தார். நேராக இருந்தது. மனைவி, இதைப் பார்த்தால் உள்ளே வீடு இருக்கிறதென்று கதவைத் தேடுவார்கள் என்றாள். தேடினால் தேடட்டும், அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் சரி என்றார் அவர்.

இன்னும் ஒரு கல் மேலே வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று திரும்பினார். வெயில் எதிர்மலை உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. கீழே விடுதியின் கொடியில் வெள்ளை விரிப்புகள் ஆடுவது தெரிந்தது. அவள் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தாள். எதிர்மலை அதை வாங்கி, ஆற்றின் மேலே போட்டு, ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பித் தந்தது.

கொத்தனார் கையிலிருந்த கல்லை அப்படியே கீழே போட்டார். உண்மையாகவே பசித்தது.