நூறு வீட்டுச் சாட்சி

குலுக்கலில் சில்லு எங்கள் வீட்டின் பெயரில் விழுந்தது. கோயில் முற்றத்தில் வெண்கலப் பானைக்குள் கையை விட்ட பெரியவர் அகெமோன் பெயர் எழுதிய ஓட்டுச் சில்லை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் என் தாய்வீட்டின் பெயரைப் படித்தார். அருகில் நின்ற என் மகள் மெனிப்பே என் கையைப் பிடிக்கவில்லை. தன் சடையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வெட்டப்போவது அதைத்தான் என்று எங்கள் லோக்ரிஸ் நாட்டில் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் தெரியும்.

எத்தனையோ தலைமுறைக்கு முன் இலியோன் நகரம் எரிந்த நாளில், எங்கள் நாட்டுப் படைத்தலைவன் ஒருவன், அதீனா தேவியின் சிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பிடித்து இழுத்தானாம். சிலையும் சேர்ந்து சாய்ந்ததாம். அந்தப் பாவத்துக்காக இலியோன் கோயிலில் எங்கள் பெண்கள் இருவர் எப்போதும் ஊழியம் செய்ய வேண்டும். ஒருத்தி செத்தால் அடுத்தவளை அனுப்ப வேண்டும். இப்போது அங்கே ஒருத்தி செத்துப்போனதாகச் செய்தி வந்திருந்தது. போய்ச் சேர்ந்தால் மொட்டைத் தலையோடும் வெறுங்காலோடும் சாகும்வரை கூட்டிப் பெருக்கலாம். போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. கரையில் இறங்கியதும் இலியோன்காரர்கள் கல்லை எடுத்துக்கொண்டு துரத்துவார்கள். கோயிலுக்குள் நுழைவதற்குள் பிடிபட்டால் அவ்வளவுதான். கொன்றவனுக்கு அந்த ஊரில் பாராட்டு வேறு.

பாவம் செய்தவனுக்கு எங்கள் ஆண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? போருக்குப் போனால் அணிவகுப்பில் அவனுக்கென்று ஓர் இடத்தைக் காலியாக விடுகிறார்கள். அவன் ஆவி வந்து நின்று சண்டை போடுமாம். செத்துப்போன தடியனுக்கு அவ்வளவு மரியாதை. என் மகளுக்கு ஒற்றை அங்கியும் ஒரு படகும்.

வீட்டுக்கு வந்தோம். என் கணவர் பிராக்சோன் பார்லி அடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி தெக்சிப்போஸ் கப்பலில் போய்வருகிறவன். இலியோனைப் பார்த்தவன் எங்கள் குடும்பத்தில் அவன் ஒருவன்தான்.

"ஊரா அண்ணி அது? ஒரு மேடு. மேல ஒரு கோயிலு. சுத்தி ஆட்டு மந்தை. அதை ஆயிரம் கப்பல் வந்து பத்து வருஷம் முற்றுகை போட்டாங்களாம். பத்து நாளு கூடத் தாங்காது."

"அப்போ சண்டையே நடக்கலையா?"

"யாருக்குத் தெரியும்? மேட்டைக் கொஞ்சம் கிளறினா கருகின கல்லு வருது. எவன் எரிச்சான்னு கல்லு சொல்லுமா? எனக்கு ஒரு சமாதியைக் காட்டி, இது உங்க பக்கத்து வீரனோடதுன்னாங்க. மறுநாள் வேற ஊர்க் கப்பல் வந்துச்சு. அதே சமாதியை அவங்க ராஜாவோடதுன்னு காட்டினாங்க. எவன் வந்தாலும் அவனுக்கு ஒரு சமாதி வெச்சிருக்கான் அந்த ஊர்க்காரன்."

"கல்லால அடிக்கிறாங்கன்னு சொல்றது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அது நெஜம் அண்ணி. அதை நான் கண்ணால பாத்தேன்."

மெனிப்பே எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அவன் மீது கோபம் வந்தது. கேட்டவள் நான்தான், ஆனாலும் வந்தது.

அப்போதுதான் அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் நாட்டில் குலம் தாய்வழி. இலியோனுக்குப் பெண் அனுப்பும் கடமை நூறு வீடுகளுக்கு மட்டும்தான். அதுதான் அந்த வீடுகளுக்குப் பெருமையும். திருவிழாவில் முன்வரிசை, கல்யாணத்தில் முதல் மரியாதை எல்லாம் அதனால் வருகிறவை. ஆனால் என் அம்மா சாகக் கிடந்தபோது என் காதில் ஒன்றைச் சொன்னாள். அவளுடைய பாட்டி நூறு வீட்டுப் பெண்ணே இல்லை. உப்புமீன் படகில் வந்து இறங்கிய அடிமைக் குழந்தை. வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் போனதும் அந்தப் பெயரையே இவளுக்கு வைத்து வளர்த்துவிட்டார்கள்.

"சொன்னா மானம் போயிடும்," என்றார் பிராக்சோன். "அப்புறம் மெனிப்பேவை எவன் கட்டிக்குவான்?"

"கட்டிக்கிறதுக்கு அவ உசிரோட இருக்கணும்ல."

அவர் பிய்த்துப்போட்ட அடையைத் தட்டில் ஒன்றாகக் கூட்டி வைத்தார். நல்ல மனிதர்தான். ஊர் என்ன சொல்லும் என்பது ஒன்றுதான் அவருடைய வியாதி. "சரி, சொல்லு," என்றார் கடைசியில்.

சொன்னால் நம்புவார்களா என்ற பயம் எனக்கு இல்லவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் அது அரசல்புரசலாகத் தெரியும். பக்கத்து வீட்டு ஃபிலின்னா கிணற்றடியில் என்னைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கிருந்தோ உப்புமீன் வாசனை வருதே," என்பாள். ஒரு தடவை அதற்காக அவள் குடத்தை உடைத்திருக்கிறேன். இப்போது அவள் வாயைத்தான் மலைபோல நம்பியிருந்தேன்.

மறுநாள் காலையில் கோயில் முற்றத்துக்குப் போனோம். பூசாரிப் பெண் கத்தியோடு தயாராக நின்றாள். நான் கூட்டத்தின் நடுவே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். படகு, உப்புமீன், காய்ச்சல், பெயர். ஒன்றையும் விடவில்லை. ஒரு குலத்தின் அவமானத்தை அவ்வளவு ஆசையோடு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அகெமோன் தாடியைத் தடவினார். "குலத்துல சந்தேகம்னா நூறு வீட்டுப் பொம்பளைங்க மூணு பேரு சாட்சி சொல்லணும். அதுதான் வழக்கம். இவ வீடு பொய்யின்னா பானையைத் திரும்பக் குலுக்கி வேற சில்லு எடுப்போம்."

"ஃபிலின்னாவைக் கேளுங்க," என்றேன். "அவளுக்கு நல்லாத் தெரியும்."

ஃபிலின்னா முன்னால் வந்தாள். அவளுடைய மகள் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மெனிப்பேவின் வயதுதான். இரண்டும் ஒன்றாக விளையாடி வளர்ந்தவை. ஃபிலின்னா ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்ததுமே அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா வீடு நல்ல வீடுங்க," என்றாள் அகெமோனைப் பார்த்து. "நூறு வீட்டுலயே பழைய வீடு."

"கிணத்தடியில என்னடி சொன்ன?"

"அது கேலிக்குச் சொன்னதுக்கா. பொறாமையில சொன்னது. தேவி மேல ஆணை, உங்க வீடு சுத்தமான வீடு."

அடுத்து ஒரு பெரியம்மா. திருவிழாவில் என்னை முழங்கையால் இடித்துப் பின்வரிசைக்குத் தள்ளுகிறவள். அவளுக்கு இரண்டு பேத்திகள். "இவ அம்மாவோட பாட்டியை நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். அந்த நடையும் அந்தக் கழுத்தும் விலைக்கு வந்தவளுக்கு வராது," என்றாள். மூன்றாவதாக வந்தவள் அழுதுகொண்டே சத்தியம் செய்தாள். என்ன சொன்னாள் என்றே எனக்குக் காதில் விழவில்லை. அவள் பின்னாலும் ஒரு சடை தெரிந்தது.

ஒரு நிமிடத்தில் நான் கலப்பில்லாத நூறு வீட்டுக்காரி ஆகிவிட்டேன். என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பாள். எனக்கு அந்தப் பெண்கள் மூவரையும் அங்கேயே நாறடிக்க வேண்டும்போல இருந்தது. அவர்கள் வீட்டுக் கதைகளும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் வாய் எழவில்லை. முற்றத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"வீடு உண்மையான வீடு," என்றார் அகெமோன்.

மெனிப்பே தானாகவே போய் மண்டியிட்டாள். பூசாரிப் பெண் சடையைத் தூக்கிக் கத்தியை வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"கரையில எறங்கினதும் நேரா ஓடு. படகுல உன்னைக் கூட்டிட்டுப் போறவங்க சொல்ற வழியிலயே ஓடு. திரும்பிப் பாக்காத. கல்லு பட்டாலும் நிக்காத."

"சரிம்மா."

"செருப்பு இல்லாம ஓட இன்னிக்கே பழகிக்க."

"சரிம்மா." முடி மடியில் விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை. "அம்மா, சித்தப்பா சொன்னாரே. அந்தச் சண்டை நெஜமாவே நடந்துச்சா? அந்த ஆளு நெஜமாவே அந்தப் பொண்ணை இழுத்தானா?"

தெக்சிப்போஸ் கூட்டத்தில்தான் நின்றான். அவன் ஏதாவது வாயைத் திறந்துவிடுவானோ என்று பயந்தேன். வெறும் மேட்டை நோக்கி, ஒன்றுமில்லாததற்காக ஓடுகிறோம் என்று தெரிந்தால் இவள் கால் எப்படி ஓடும்?

"நடந்துச்சும்மா," என்றேன். "எல்லாம் நெஜம். தேவி கோயில்ல உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கா."

அன்று தெரியாததைத் தெரிந்ததாகச் சாட்சி சொன்ன நான்காவது பெண் நான்.