கிரிவலம் போன தூக்கம்

போன ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, ஆட்டோ ஓட்டும் வேடியப்பனின் மகள் எழிலுடைய தூக்கம் பாயிலிருந்து எழுந்து, உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, கேட்டைத் தள்ளித் திறந்து வீட்டைவிட்டுப் போய்விட்டது. கன்றுக்குட்டி உயரம், சாம்பல் நிறம், தேங்காயெண்ணெயும் தலையணை உறையும் கலந்த வாசனை. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. நெற்றி மட்டும் இருந்தது, அதுவும் நல்ல அகலமான நெற்றி. அதை வைத்துத்தான் அது யாருடைய தூக்கம் என்று தெரு அடையாளம் சொன்னது. பால் பாக்கெட்டோடு எதிரே வந்த எழிலின் அம்மா அருணாதேவி கொட்டாவி விட்டபடி வழிவிட்டாள். "நம்ம வூட்லேர்ந்து ஏதோ போவுதே, இன்னாது அது?" என்று கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்தவள் பத்தரை மணிக்குத்தான் கண்விழித்தாள். பால் திரிந்திருந்தது.

தூக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எழில் மூன்று மாதமாக அதைப் பக்கத்தில் சேர்க்கவே இல்லை. அவள் ஆடிப் போட்ட ரீல்ஸ் ஒன்றின் கீழே கூடப் படிக்கிற பெண் ஒருத்தி "நெத்தியா, பஸ் ஸ்டாண்டா?" என்று எழுதியிருந்தாள். அதற்கு நாலு பேர் சிரித்திருந்தார்கள். ஐந்தாவதாக யார் சிரிக்கப்போகிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஐந்தாவது ஆள் வந்தது. ஆறாவது வர நேரமாயிற்று. அந்த இடைவெளியில் உலகத்திலுள்ள சின்ன நெற்றிகளையெல்லாம் பார்த்து முடித்தாள். கால்மாட்டில் காத்திருந்து அலுத்துப்போன தூக்கம், ஆளை விடு என்று கிளம்பிவிட்டது. முதல் வாரம் எழிலுக்கு ஒரே குஷி, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் லாபம் என்று. இரண்டாம் வாரம் டீயில் உப்பைப் போட்டாள். மூன்றாம் வாரம் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு, "இப்பிடியே இன்னொரு மாசம் போனா பொண்ணு தாங்காது. போனைக் கம்மி பண்ணுங்க, தூக்கத்த எப்பிடியாவது கூட்டினு வாங்க" என்றார்.

கூட்டிவர அது எங்கே போயிருக்கிறது என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற எதுவும் போகிற இடத்துக்குத்தான் அதுவும் போயிருந்தது. மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர், வலமாக, சுற்றுக்கு நாலு மணி நேரம், ஓய்வில்லாமல். பத்தடிக்குள் நெருங்கியவர்கள் நின்ற இடத்தில் தூங்கினார்கள். வேடியப்பன் ஆட்டோவில் துரத்திப் போனபோது முதலில் அவர் தூங்கினார், அடுத்து ஆட்டோ குறட்டை விட்டு நின்றது. செங்கம் சாலையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் விசிலைக் கடித்தபடியே தூங்கிப்போக, மூச்சுக்கு ஒரு முறை விசில் அடித்தது. அன்றைக்குப் போல் வண்டிகள் ஒழுங்காகப் போய்வந்த நாள் இல்லை.

ஆசிரமப் பக்கத்தில் அறை வாடகைக்கு விடும் சகாதேவன், இரண்டு வருடம் முன்புவரை பழைய போன் விற்றவர், இப்போது காவி ஜிப்பாவும் நித்ரானந்தர் என்ற பெயருமாக இருப்பவர், இந்தச் செய்தி கேட்டதும் சாலையோரம் முப்பது பாய் விரித்து வெள்ளைக்காரர்களைப் படுக்க வைத்தார். தூக்கம் கடந்து போகும், அவர்கள் தூங்குவார்கள், எழுந்து அழுது அவரைக் கும்பிடுவார்கள். அருணாதேவி நியாயம் கேட்கப் போனபோது, "இது இனிமே உங்க பொண்ணு தூக்கம் இல்லம்மா, உலகத்தோட தூக்கம்" என்றார் அவர். "உலகம் அது தூக்கத்த அது பாத்துக்கட்டும், சாமி. எம்பொண்ணுது எனக்கு வோணும்" என்றாள் அவள். விழிப்புநிலை பற்றி அவர் நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோது தூக்கம் முதுகுப் பக்கமாகப் போயிற்று. வாய் பிளந்து மூன்று மணி நேரம் குறட்டை விட்டார். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அவருடைய உரைகளில் இதுதான் ஆழமானது என்று பலர் எழுதினார்கள்.

அதன் பக்கத்தில் போனாலும் தூங்கிவிழாத ஒரே ஆள் எழில்தான், தூங்குவதற்கு அவளிடம் ஏது? ஆகவே அவளையே அனுப்பினார்கள். போனையும் எடுத்துக்கொண்டு போனாள். "தூக்கத்தைத் தேடி, நாள் ஒன்று" என்று படம் பிடித்துப் போட்டாள். வழியிலுள்ள ஒவ்வொரு லிங்கக் கோயிலிலும் நின்று எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துவிட்டு நடந்தாள். தூக்கம் ஒரு பர்லாங் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இப்படிப் பதினோரு நாள், பதினோரு சுற்று. ஜெர்மன்காரி ஒருத்தி, எதிர்ப்பக்கமாக நடந்தால் இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிடலாமே என்று கைச்சாடை காட்டிக் கேட்டாள். தெரு திகைத்துப்போயிற்று. "தூங்காமகூட இருந்துடலாம், மலைய இடமா சுத்த முடியுமா?" என்றார் வேடியப்பன். மூன்றாவது வழி ஒன்று இருப்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் எழிலின் போன் அணைந்துபோனது. அங்கே கரண்ட்டும் இல்லை. கால் போன மாதிரி உட்கார்ந்துவிட்டாள். கட்டைவிரல் மட்டும் காற்றைத் தள்ளிக்கொண்டேயிருந்தது. வேகவைத்த வேர்க்கடலை விற்கும் தமிழ்செல்வி பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, வெரலுக்கு இன்னா வந்துச்சு? சும்மாதான குந்தினுகீற, கூடைய பாத்துக்க. நான் போயி சாப்ட்டு வந்துடறேன். கொரங்கு ஜாஸ்தி, ஏமாந்துடாத" என்று குச்சியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த மூன்று மணி நேரம் எழில் ஒன்பது குரங்குகளோடு சண்டை போட்டாள். ஒரு கிழட்டுக் குரங்கு கடலையை உரித்துத் தின்றுவிட்டுத் தோலை மரியாதையாகக் கூடையில் திருப்பிப் போட்டது. எழில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இதைப் படம் பிடிக்க முடியவில்லையே என்று கை துழாவியது. அப்புறம் அதுவும் மறந்துபோய்த் தானும் ஒரு கடலையை உரித்தாள்.

நாலாவது மணி நேரம் முடிகிற சமயத்தில், சுற்று முடித்த தூக்கம் அவள் முதுகுப் பக்கமாக வந்து நின்றது. இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்த கட்டைவிரலை நெற்றியால் முட்டியது. விரல் நின்றது. மடியில் நெற்றியை வைத்தது. சாப்பிட்டுத் திரும்பிய தமிழ்செல்வி, எழில், ஒன்பது குரங்குகள், எல்லாரும் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கையில் வேடியப்பன் தூர நின்று கயிறு வீசி மகளையும் தூக்கத்தையும் சேர்த்து இழுத்து ஆட்டோவில் போட்டார். உடையவள் கிடைத்துவிட்டதால், தூக்கம் அதற்கப்புறம் வேறு யாரையும் சாய்க்கவில்லை, ஆட்டோவும் குறட்டை விடாமல் ஓடியது. எழில் மூன்று நாள் தூங்கினாள். விழித்ததும் சோறு கேட்டாள், பிறகு போன் கேட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு மேலும் ஏழு பேர் சிரித்திருந்தார்கள். எட்டாவது ஆள் வருவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

நடந்து பழகிய கால் சும்மா இருக்குமா? இப்போதும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி தூக்கம் கிரிவலம் போகிறது. அன்றைக்கு மட்டும் எழில் விழித்திருந்து கணக்குப் போடுகிறாள். விடிந்ததும் அது பட்டை விபூதியோடு திரும்பி வரும். கூட்டத்தில் யாரோ பூசிவிடுகிறார்கள், அந்த நெற்றியில் இடத்துக்குக் குறைவில்லை. அருணாதேவி கேட்டைத் தாழ் போடாமல், வாசலில் கால் துடைக்க ஒரு சாக்கை மட்டும் போட்டு வைக்கிறாள்.