மதிவதனி போட்டுக்கொண்ட ஊசி

சக்கர நாற்காலியில் போய்வரும் மதிவதனி, மழைக்காலக் காய்ச்சல் தன்னை அண்டக்கூடாது என்று முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டாள். ஊசி என்றாலே சீக்குதான் என்பது மதுக்கரையில் அவள் வீதியின் தீர்மானம். எல்லோரும் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்துவிட்டார்கள், லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே.

மதிவதனி முகக்கவசம் மாட்டி, நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. காய்ச்சல் வராம இருக்கத்தானுங்க ஊசி."

"பாவம் அம்மணி, காய்ச்சல்ல பினாத்துது," என்று மூக்கை உறிஞ்சினார் எதிர்வீட்டு ராமாமணி.

மறுவாரம் வீதியே படுத்துவிட்டது. மதிவதனி ராமாமணி வீட்டு வாசலில் பாட்டிலை வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்: "ஏனுங்க, உங்களுதுதானுங்க. சீல் கூடப் பிரிக்கலீங்க, நீங்களே குடிச்சுப்போடுங்க."